ஸ்ட்ரெச்சர் திரும்புமா? செம்பூர் சந்துகளில் ஒரு ஞாயிறு

“எதுக்குய்யா அளக்குதிய? இடிக்கப் போறாவளா?”

அளவு டேப்பின் முனையைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்த பையன் விழித்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கேள்வியின் தொனி புரிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெண் முந்திக்கொண்டாள். “இல்ல பாட்டி, நாங்க காலேஜ் பசங்க. இந்தக் கல்லியெல்லாம் மேப்ல போடறோம்.”

“மேப்புல போட்டாத்தான இடிப்பாவ” என்றார் பாட்டி.

செம்பூர் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விடக்கூடிய குடிசைப் பஸ்தி அது. ஒரு பக்கம் நாலா எனும் சாக்கடைக் கால்வாய், மறுபக்கம் காம்பவுண்டுச் சுவர் எழுப்பிய ஹவுசிங் சொசைட்டிகள். பஸ்தியின் பெயரை எழுத வேண்டாம் என்று மாணவர்கள் கேட்டுக்கொண்டார்கள். பாட்டியின் கேள்வியைக் கேட்ட பிறகு எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மழைக்கு முந்திய மே மாதம். காலை ஒன்பதுக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. செம்பூர் என்றதும் மும்பைத் தமிழருக்குச் சேடா நகர் முருகன் கோயிலும், ஃபைன் ஆர்ட்ஸ் கச்சேரியும், கேம்ப் பகுதியின் சிந்திக் கடைகளும் நினைவுக்கு வரும். நாலாவுக்கு இந்தப் பக்கம் அந்த வரிசையில் சேராது. என்னை அழைத்துவந்த ஐந்து பேரில் மூன்று பேர் செம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். இந்த வேலை தொடங்கும்வரை நாலாவைத் தாண்டி உள்ளே வந்ததே இல்லை என்று அவர்களே சொன்னார்கள்.

அவர்களை உள்ளே வரவைத்தது ஒரு ஜெர்மன் மாணவி கேட்ட கேள்வி.

இந்த ஐவரும், நைரோபியில் இரண்டு பேரும், ஜெர்மனியில் இரண்டு பேரும் சேர்ந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைகிறார்கள். 2004-ல் ஸ்டீவ் கோஸ்ட் என்ற இளைஞர் இங்கிலாந்தில் தொடங்கிய உலக வரைபடம் அது. யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கித் தன் தெருவை வரையலாம், திருத்தலாம், எடுத்துப் பயன்படுத்தலாம். வேலை பெரும்பாலும் தூரத்திலிருந்தே தொடங்கும். செயற்கைக்கோள் படத்தில் தெரியும் கூரைகளையும் பாதைகளையும் கோடு போட்டு வரைவார்கள். ஒரு பகுதியைக் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒருவர் வரைந்த கட்டத்தை இன்னொருவர் சரிபார்ப்பதும் உண்டு. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் யார், எப்போது, எதற்காக என்ற குறிப்பு நிற்கும். அதன் கீழே உலகத்தில் யாரும் கேள்வி போடலாம். 2015 ஏப்ரலில் நேபாளம் குலுங்கியபோது, நேபாளத்தைப் பார்த்தே இராத ஆயிரக்கணக்கானோர் இப்படி உட்கார்ந்து கிராமங்களை வரைந்தார்கள். களத்தில் காத்மாண்டு லிவிங் லேப்ஸின் இளைஞர்கள் அதை ஒழுங்குபடுத்தினார்கள். அதே ஆண்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மூன்று சேர்ந்து யூத்மேப்பர்ஸ் என்ற மாணவர் வலையமைப்பைத் தொடங்கின. இன்று பல நாட்டுக் கல்லூரிகளில் அதற்குக் கிளைகள் உண்டு. நம் ஐவர் எந்தக் கிளையும் அல்ல. ஓர் இணையவழிப் பயிற்சியில் அறிமுகமாகி ஒட்டிக்கொண்டவர்கள். பொறியியல் இருவர், கட்டடக்கலை ஒருத்தி, பி.எஸ்ஸி. ஒருவன், சமூகப்பணி ஒருத்தி. எந்தக் கல்லூரியின் பேனரும் இல்லை.

ஜெர்மன் மாணவி இந்தக் கட்டத்தை வரைந்துவிட்டுக் கேட்டாளாம்: “இந்த நீலநிறப் பெரிய தொழிற்சாலையில் என்ன தயாரிக்கிறார்கள்?”

அது தொழிற்சாலை இல்லை. வரிசையாக வீடுகள், அவற்றின் மேல் மழைக்கு விரித்த நீலத் தார்ப்பாய்கள். மேலேயிருந்து பார்த்தால் ஒரே கூரை.

“மொதல்ல எல்லாரும் சிரிச்சோம் அங்கிள்” என்றாள் சமூகப்பணி படிக்கும் பெண். “அப்புறம் சரி, அது எத்தனை வீடு, நடுவுல எத்தனை சந்துன்னு எழுதலாம்னு உக்காந்தா எங்களுக்கும் தெரியல. நாலாவுக்கு அந்தப் பக்கம்தான் எங்க பில்டிங். என் ரூம் ஜன்னல்லேருந்து இந்த நீலம் தெரியும்.”

இந்த இடத்தை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு மாணவர்களோடு வீடியோ காலில் கூடினால் கற்பனை வளரும் என்று கல்லூரிகள் இப்போது நிறையப் பேசுகின்றன. கூடி என்ன செய்வது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. நான் பார்த்த பல கூட்டங்களில் இங்கிருந்து சேலை கட்டி விளக்கேற்றுவார்கள், அங்கிருந்து கைதட்டுவார்கள், கடைசியில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு கலைவார்கள். அந்த ஜெர்மன் பெண்ணுக்குச் செம்பூர்ப் பண்பாட்டில் ஒரு ஆர்வமும் இல்லை. தன் கட்டத்தை முடிக்க அவளுக்கு ஒரு பதில் தேவைப்பட்டது. கேள்வி அசட்டுத்தனமானது, ஆனால் நேர்மையானது. அதற்குப் பதில் தேடப் போய்த்தான் இவர்களுக்குத் தங்கள் ஜன்னலுக்கு வெளியே இருப்பது தெரியவந்தது.

சந்துக்குள் நுழைந்தோம். ஒருவர் எதிரே வந்தால் மற்றவர் வாசற்படியில் ஏறி நிற்க வேண்டும். கட்டரை மூடிய கடப்பாக்கல், அதன் மேல் தண்ணீர் டிரம், மேல் அறையான மாலாவுக்கு ஏறும் இரும்பு ஏணி. தலைக்கு மேல் ஒயர்களும் குழாய்களும். வரைபடத்தில் பாதையின் அகலத்தை மீட்டரில் எழுத இடம் உண்டு. முதலில் அதைத்தான் எழுதினார்களாம். டேப் எடுத்து அளந்தால், கதவுக்கு எதிரே ஒரு அளவு, ஏணிக்கு எதிரே வேறு அளவு. ராத்திரி ஸ்கூட்டர்களை உள்ளே ஏற்றிவிட்டால் இரண்டுமே பொய். எழுதிய எண் யாருக்கும் பயன்படாது என்று தெரிந்தும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

திருப்பம் வந்தது ஒரு கிழவரிடமிருந்து. அடுத்த சந்தில், சில வாரங்களுக்கு முன்பு. டேப்போடு நின்றவர்களைப் பார்த்து அவர், “இந்த முக்குல பாடை திரும்பாது. எங்க அண்ணனைச் செங்குத்தாத் தூக்கிப் பிடிச்சித்தான் வெளிய கொண்டுபோனோம்” என்றிருக்கிறார். பிறகு எந்த முக்கில் திரும்பும், எந்த முக்கில் தோளிலிருந்து இறக்கிக் கையில் பிடிக்க வேண்டும், எந்த வழியாகப் போனால் ரோடு வரை தடையில்லை என்று நின்ற இடத்திலேயே சொல்லியிருக்கிறார். பஸ்தி முழுவதும் அவர் மனத்தில் அப்படி ஒரு வரைபடமாக இருந்தது. சாவு வீட்டுக்குத் தோள் கொடுத்த எந்த ஆணுக்கும் அங்கே அது மனப்பாடம்.

கட்டடக்கலை மாணவி அன்றைக்கே குழுவுக்கு எழுதினாள். பாதையின் அகலத்தை அளப்பதை விடுவோம், ஸ்ட்ரெச்சர் திரும்புமா திரும்பாதா என்று மட்டும் ஒவ்வொரு முக்கிலும் குறிப்போம். உயிரோடு இருப்பவரை வெளியே கொண்டுவர அதுதானே வேண்டும்?

மழைக்காலத்தில் செம்பூருக்கு இது வெறும் யோசனையாகத் தோன்றாது. 2021 ஜூலை 18 விடியற்காலை, பெருமழையில் இங்கே பாரத் நகரில் மதில்சுவர் ஒன்று சரிந்து வீடுகளின் மேல் விழுந்து பலர் இறந்தார்கள். உதவிக்கு வருகிறவர் எந்தச் சந்து வழியே நுழையலாம் என்பது அந்த நேரத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயமல்ல.

ஜெர்மனியிலிருந்து மறுப்பு வந்தது. கறாரான மறுப்பு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு பழைய கொள்கை உண்டு: எழுதுவது எதுவானாலும், வேறொருவர் அதே இடத்தில் போய் நின்று சரிபார்க்க முடிய வேண்டும். ஒரு பெரியவரின் நினைவை எப்படிச் சரிபார்ப்பது? எந்த ஸ்ட்ரெச்சர், எவ்வளவு நீளம், யார் தூக்குவது? “எங்களுக்குக் கோபம்தான் வந்துச்சு” என்றான் பொறியியல் பையன். “அவங்க இங்க வந்து பாக்கட்டும்னு எழுத நினைச்சோம். எழுதல.” இரண்டு நாள் குழுவில் யாரும் பேசவில்லை. பிறகு இவர்கள் ஹார்டுவேர் கடைக்குப் போய் பி.வி.சி. பைப் வாங்கி, ஆம்புலன்ஸில் இருக்கும் ஸ்ட்ரெச்சரின் நீள அகலத்துக்கு ஒரு சட்டம் கட்டினார்கள். அதே அளவில் சட்டம் கட்டி யார் கொண்டுவந்தாலும், அதே முக்கில் அதே விடைதான் கிடைக்கும்.

நான் பார்த்தது அந்தச் சட்டத்தோடு நடந்த ஊர்வலத்தை. முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன், நடுவில் வெறும் பைப். பின்னாலேயே பஸ்திப் பிள்ளைகள் கூட்டம். “நான் படுத்துக்கறேன், என்னைத் தூக்கு” என்று மராத்தியிலும் இந்தியிலும் ஒரே கெஞ்சல். ஒரு முக்கில் சட்டம் ஏணியில் முட்டி நின்றது. இப்படிச் சாய்த்து, அப்படிச் சாய்த்து, உயர்த்தி, தாழ்த்தி, கடைசியில் முடியாது என்று குறித்துக்கொண்டார்கள். ஏணி வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்துவிட்டு, ஏணியைத் தூக்கி மாட்டுகிற மாதிரி மாற்றிவிட்டால் போகுமா என்று கேட்டார். மறுபடி முயன்றார்கள். ஏணி இல்லாமல் போனது. அதையும் குறித்துக்கொண்டார்கள். வரைவதற்காக வந்த வேலை ஏணியை மாற்றுவதில் போய் நிற்கும் என்று எந்தப் பாடத்திட்டமும் எழுதிவைத்திருக்க முடியாது.

பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். அது ஏதோ கிழவி பயம் என்று தள்ளிவிடக்கூடியதல்ல. இங்கிருந்து சில கிலோமீட்டரில், டிராம்பே பக்கம், ஜனதா காலனி என்று ஒன்று இருந்தது. தமிழர்கள் நிறைந்த இடம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், அணுசக்தி மையத்துக்கு அந்த நிலம் வேண்டும் என்று ஏறத்தாழ 70,000 பேரை அப்புறப்படுத்திச் சீட்டா கேம்ப்பில் கொண்டுபோய் விட்டார்கள். அந்த வெளியேற்றத்தை வருடக்கணக்காக எதிர்த்து நின்றவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர், தச்சு வேலைக்காரர். மாநகராட்சி குப்பை அள்ள வராதபோது, பஸ்திப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு பொட்டலம் குப்பை கொடுத்து மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்டவைத்தவர். தேசிய குடிசைவாழ்வோர் கூட்டமைப்பைத் தொடங்கினார். 2000-ல் மகசேசே விருது பெற்றார். 2018-ல் காலமானார்.

நம் விஷயத்துக்கு அவர் வருவது வேறு காரணத்தால். தன்னை எண்ணத் தெரியாதவனை அரசு எண்ணாது என்பது அவருடைய அரசியல். கணக்கெடுப்பையும் வரைபடத்தையும் பஸ்திக்காரர்களே செய்ய வேண்டும் என்றார். 1985-ல் ஸ்பார்க் அமைப்பு மும்பை நடைபாதைவாசிகளைக் கணக்கெடுத்து வெளியிட்ட அறிக்கையும் இந்த வழியில்தான். 1991-லிருந்து மும்பை பஸ்திக்காரர்களும் தென்னாப்பிரிக்கக் குடிசைவாசிகளும் ஒருவர் ஊருக்கு ஒருவர் போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்ளத் தொடங்கினார்கள். 1996-ல் அது பல நாட்டுக் குடிசைவாழ்வோரின் கூட்டமைப்பாக வளர்ந்தது. இணையத்துக்கு முந்திய பன்னாட்டுக் கூட்டுவேலை. கண்டம் விட்டுக் கண்டம் போனவர்கள் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள். செம்பூர் வட்டாரத்துக் கல்லூரிகளில் இதைப் பாடமாக வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மாலையில் சேடா நகரில் ஒரு மாணவியின் வீட்டில் உட்கார்ந்தோம். அவள் அம்மா காபி கொடுத்துவிட்டு, “காலையிலேருந்து வெயில்ல அலையறதுகள், சார். கேட்டா ஜெர்மனின்றா, ஆப்பிரிக்கான்றா” என்று என்னிடம் முறையிட்டார். இரவு வீடியோ அழைப்பு. இங்கே ஒன்பதரை என்றால் ஜெர்மனியில் ஆறு, நைரோபியில் ஏழு. அழைப்பில் ஐந்து நிமிடம்கூட முகம் பார்க்கவில்லை. நைரோபியில் இணைப்பு விட்டுவிட்டு வந்ததால் எல்லாரும் கேமராவை அணைத்துவிட்டார்கள். பேசியதும் குறைவுதான். வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினார்கள். உண்மையில் இவர்களுடைய வேலை முழுவதும் எழுத்தில்தான் நடக்கிறது. கேள்வி ராத்திரி போகும், பதில் காலையில் கிடக்கும். கோபம் ஆறவும் யோசனை பழுக்கவும் அந்த இடைவெளி வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு நாள் மௌனம் நேருக்கு நேர் அழைப்பாக இருந்திருந்தால் சண்டையில் முடிந்திருக்கும், பைப் சட்டம் பிறந்திராது என்றே நினைக்கிறேன்.

நைரோபி மாணவனுக்குப் பாடை விஷயம் விளக்காமலே புரிந்திருந்தது. அவன் ஊரில் கிபேரா என்ற பெரும் குடிசைப்பகுதி 2009 வரை வரைபடங்களில் கிட்டத்தட்ட வெற்றிடம். அந்த ஆண்டுதான் ‘மேப் கிபேரா’ என்ற திட்டத்தில் அங்குள்ள இளைஞர்கள் ஜிபிஎஸ் கருவியைக் கையில் எடுத்துத் தாங்களே வரைந்தார்கள். தங்கள் பக்கத்தில் தண்ணீர் கேன்களை ஏற்றிவரும் கைவண்டிதான் அளவுகோல் என்றான் அவன். வண்டி நிற்கிற இடம் வரைக்கும் ஒரு விலை, அதற்கு உள்ளே கேனைத் தூக்கிக்கொண்டு போனால் வேறு விலை. அதைக் கேட்டு இவர்கள் கேஸ் சிலிண்டரை நினைத்தார்கள். சிலிண்டர்காரர் தோளில் வைக்கும் இடம் எது? ஆக, ஆள் மட்டும், கைவண்டி, ஸ்ட்ரெச்சர் என்று மூன்று படி. ஜெர்மன் மாணவி அதற்கு நிறம் பிரித்து, தெரு விளக்கில் ஃபோனில் பார்த்தாலும் தெரிகிற மாதிரி ஒரு மாதிரிப் படம் அனுப்பியிருந்தாள். மூன்று ஊரில் எது இல்லாவிட்டாலும் இது வந்திராது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகவில்லை. வீடுகளை ஒவ்வொன்றாக வரைவதா? இவர்கள் வேண்டாம் என்கிறார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவு எல்லாருக்கும் திறந்தது, பில்டருக்கும்தான். சந்து, குழாய், கழிப்பறை, திருப்பம் போதும். வீட்டு எண்ணிக்கையும் உள்ளே நடக்கும் தொழிலும் பஸ்திக்காரர்கள் கையில் இருக்கட்டும். நைரோபி இவர்கள் பக்கம். ஜெர்மனி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது: வரைபடத்தில் வீடே இல்லாவிட்டால் அங்கே ஆள் இருப்பது யாருக்குத் தெரியும், நாளை நிவாரணம் கணக்கிடும்போது யாரைக் கணக்கிடுவார்கள்? ஜோக்கின் அற்புதம் இருந்திருந்தால், எண்ணுங்கள், ஆனால் நீங்கள் எண்ணாதீர்கள், அவர்கள் எண்ணட்டும் என்று சொல்லியிருப்பாரோ என்னவோ. இருபது வயதில் ஐந்து பிள்ளைகள் இதில் மண்டையை உடைத்துக்கொள்வதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கற்பனை என்று நான் சொல்வது இதையும் சேர்த்துத்தான். எதை வரையாமல் விடுவது என்று யோசிப்பதற்கும் அது வேண்டும்.

எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை. 2011-ல் பக்கத்து ஊரான புனேயில் விக்கிப்பீடியா ஒரு கல்வித்திட்டம் நடத்தியது. நூற்றுக்கணக்கான கல்லூரி மாணவர்கள் பாடத்தின் ஒரு பகுதியாக ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுத வேண்டும். நல்ல எண்ணம்தான். பலர் புத்தகத்திலிருந்தும் வலைத்தளங்களிலிருந்தும் அப்படியே வெட்டி ஒட்டினார்கள். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் அதைச் சுத்தம் செய்ய மாதக்கணக்கில் உழைத்தார்கள். திட்டம் அந்த ஆண்டிலேயே நிறுத்தப்பட்டது. 2020 அக்டோபரில் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற இணையவழி விழா நடந்தபோது இன்னொரு கூத்து. திறமூல மென்பொருள்களுக்குத் திருத்தம் அனுப்பினால் டி-ஷர்ட் என்றார்கள். எப்படிச் சுலபமாக அனுப்புவது என்று ஒரு யூடியூப் பாடம் பரவ, எங்கெங்கோ இருந்த திட்டங்களின் முகப்புக் கோப்பில் ‘அற்புதமான திட்டம்’ என்று ஒரு வரி சேர்த்து ஆயிரக்கணக்கில் அனுப்பினார்கள். நிறைய நம் பிள்ளைகள். சில நாளிலேயே விதியை மாற்றவேண்டி வந்தது. 2024 தொடக்கத்திலும் எக்ஸ்பிரஸ் என்ற மென்பொருளுக்கு இதே கதி.

அவர்களும் இதே வயது, இதே மாதிரிக் கல்லூரிதான். மூளை குறைந்தவர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்களிடம் கேட்கப்பட்டது எண்ணிக்கை, இவர்களிடம் கேட்கப்பட்டது பதில். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரள மாணவர்களும் மென்பொருள் ஊழியர்களும் வெளிநாட்டு மலையாளிகளும் சேர்ந்து மீட்புக்கான இணையதளத்தை இரவும் பகலுமாக எழுதினார்களே, யாருக்கும் டி-ஷர்ட் கொடுக்கவில்லை. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நாடுகடந்த இணையவழிக் கூட்டுக்கல்விக்கு 2006-ல் மையம் ஏற்படுத்திய ஜான் ரூபின் திரைப்படம் கற்பித்தவர். இரண்டு நாட்டு மாணவர்களும் சேர்ந்து படம் எடுக்க வேண்டும் என்பதுதான் அவர் தொடங்கிய விதம். பேசிப் பழகட்டும் என்று அவர் விட்டுவிடவில்லை, சேர்ந்து ஒன்றைச் செய்யவைத்தார். அதற்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியபோது பல இடங்களில் செய்வது கழன்று பேசுவது மட்டும் மிஞ்சிவிட்டது.

அழைப்பு முடியும்போது இன்னொரு சச்சரவு. பேராசிரியர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, செமஸ்டர் திட்டவேலையாக மாற்றி மதிப்பெண் தரலாம், வகுப்பில் உள்ள மற்றவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போடலாம் என்கிறாராம். பி.எஸ்ஸி. பையனுக்கு ஆசை. அவன் பகுதி நேரமாக டியூஷன் எடுத்துப் படிக்கிறவன். மதிப்பெண் இல்லாத வேலைக்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுக்க அவனால் எத்தனை நாள் முடியும்? கட்டடக்கலை மாணவி ஒப்பவில்லை. “அறுபது பேர் வந்தா அறுபது பைப் ஃப்ரேம் வரும். பஸ்தில யார் தாங்குவாங்க? பாதிப் பேர் வீட்டுல உக்காந்து திரும்பும், திரும்பாதுன்னு அடிச்சு விடுவாங்க.” சமூகப்பணிப் பெண்ணின் கவலை வேறு. ஒப்பந்தம் வந்தால் ஆய்வுக் கட்டுரை வரும். கட்டுரையில் யார் பெயர் வரும், கிழவர் பெயர் எங்கே வரும்?

பி.எஸ்ஸி. பையன் சூடாகிவிட்டான். “உனக்கு ஃபீஸ் அப்பா கட்டறார்” என்றான் இந்தியில். கட்டடக்கலைப் பெண்ணுக்கு முகம் சிவந்தது. ஜெர்மன் மாணவி, என்ன நடக்கிறது, யாராவது எழுதுங்கள் என்று கேட்டாள். கடைசியில் ஒரு நிபந்தனைப் பட்டியல் எழுதிப் பேராசிரியருக்கு அனுப்புவது என்று முடிவானது: ஆண்டுக்கு ஆறு பேருக்கு மேல் கூடாது, பஸ்தியில் காட்டாமல் எதையும் வெளியிடக் கூடாது, எத்தனை முக்கு குறித்தார்கள் என்பதற்கு மதிப்பெண் கிடையாது, யாருடைய மறுப்புக்கு எப்படிப் பதில் எழுதினார்கள் என்பதற்கு உண்டு. கடைசி நிபந்தனையை முன்மொழிந்தவன் பி.எஸ்ஸி. பையன்தான். அதை எந்தப் பல்கலைக்கழகத் தேர்வுத் துறை ஏற்கும் என்று நான் கேட்டேன். ஏற்காவிட்டால் இப்போது போலவே நடக்கும் என்றார்கள். கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதும் பொறுப்பு நைரோபிக்குப் போனது. அவர்களுடைய ஆங்கிலம்தான் பேராசிரியர்களுக்குப் பிடிக்கிற ஆங்கிலம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.